இரட்டைக் கோப்பில் வந்த நேர்கோடு

கும்மிடிப்பூண்டியில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனி கியர் செய்கிறது. வெட்டிய கியரை உலையில் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்குவார்கள். அது போதுமான அளவு கெட்டியாகிவிட்டதா என்று மெஷினில் அழுத்திப் பார்த்து எண் குறிப்பது, கவரைப்பேட்டையிலிருந்து வந்துகொண்டிருந்த ஓர் அக்காவின் வேலை. கான்ட்ராக்ட் ஆள். நான் ட்ரெய்னி இன்ஜினியர். கேன்டீனில் எனக்கு இடம் பிடித்து வைத்தவர் அவர் ஒருத்தர்தான்.

வாங்கியவர்கள் ஒரு லாட் கியரை மொத்தமாகத் திருப்பி அனுப்பினார்கள். பாதி கியர் மெத்தென்று இருக்கிறதாம். அக்கா மெஷினைப் பார்க்காமலே எண் எழுதிவிட்டார் என்று மேனேஜர் முடிவு கட்டினார். வெள்ளிக்கிழமை கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் நாள்.

எனக்கு வேறு சந்தேகம். உலையின் பின்பக்கம் சூடு இறங்கியிருந்தால் பின்னால் கிடந்த கியர் மட்டும் மெத்தென்றுதான் வரும். அக்காவிடம் சோதிக்கத் தருவதோ எப்போதும் முன்வரிசைக் கியர். அவர் எழுதிய எண் பொய்யில்லை. உலை பதிவு செய்த சூட்டை என் நோட்புக்கில் ஏற்றிப் படம் போட்டால் போதும், தெரிந்துவிடும்.

நோட்புக் என்றால் தாள் இல்லை. கணினியில் நிரல் எழுத எழுத அதற்குக் கீழேயே படம் வரும் கோப்பு. நான் அதை இரட்டையாக வைத்திருந்தேன்: ஒன்றில் நிரலும் படமும், இன்னொன்றில் வெறும் நிரல். ஒன்றைத் திருத்தினால் மற்றது தானாகத் திருந்தும். திருவள்ளூரில் ஏறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி வருகிற எனக்கு இது வரப்பிரசாதமாகப் பட்டது. ரயிலில் மடிக்கணினியில் வெறும் நிரலைத் திருத்துவேன், கம்பெனிக்குள் வந்து வயரைச் செருகியதும் உலைப் பக்கத்துக் கணினியில் படம் வந்துவிடும். அப்படித்தான் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன்.

பழைய நிரல் உலைக்கு வைக்கச் சொன்ன சூட்டை வரைந்தது. அது எப்போதும் நேர்கோடுதான். உலையின் பின்பக்கத்தில் உண்மையில் இருந்த சூட்டை வரையும்படி மாற்றினேன். சூடு இறங்கிய இடத்தில் கோட்டில் ஒரு பள்ளம் பளிச்சென்று விழுந்தது. ஓடிப்போய் மேனேஜரைக் கூட்டி வந்தேன். அவர் எதையும் திரையில் பார்க்கமாட்டார்; டவுன்லோட் செய்து, பிரின்ட் எடுத்து, பேனாவோடு உட்காருவார். பிரின்டில் நேர்கோடு வந்தது.

"எங்கம்மா பள்ளம்?"

"திரையில இருக்கு சார், பாருங்க."

"திரையில ஆயிரம் இருக்கும்."

டவுன்லோட் பொத்தான் திரையில் இருப்பதைக் கொடுக்கவில்லை. கடைசியாகச் சேமித்த பழையதைக் கொடுத்திருக்கிறது. முதலில் சேமி, பிறகு கொடு என்று மாற்றினேன். மறுநாள் பிரின்டிலும் பள்ளம் வந்தது. மேனேஜர் தலையாட்டினார். அன்று மதியம் அக்கா தன் டப்பாவில் இருந்த வறுவலை முழுக்க என் தட்டில் கொட்டினார். அதற்கு அடுத்த நாள் மேலிடத்துக்குக் காட்ட மேனேஜர் திரும்ப டவுன்லோட் செய்தார். நேர்கோடு.

என்னால் நம்ப முடியவில்லை. நிரலைத் திறந்தால் என் திருத்தத்தையே காணோம், பழசு வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டு கோப்பில் எது பிந்திய நேரம் காட்டுகிறதோ அதுதான் புதுசு என்று அந்த ஏற்பாடு நம்பும். உலைப் பக்கத்துக் கணினியில் இணையம் கிடையாது, கடிகாரம் வைத்தது வைத்தபடி. சாயங்கால ரயிலை விடக்கூடாது என்று உலை ஆட்கள் எந்தக் காலத்திலோ அதை முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். அங்கே யாராவது முன்பே திறந்து வைத்திருந்த பழைய கோப்பைச் சேமித்து மூடினால்கூட, இன்னும் வராத ஒரு நேரம் அதன்மேல் விழுந்துவிடும். என்னுடைய எந்தத் திருத்தமும் அதற்குமுன் பழசுதான்.

கடிகாரத்தைச் சரியாக வைத்தேன். அன்று சாயங்காலம் உலை ஆட்கள் அதை நம்பி நின்று ரயிலை விட்டார்கள்.

"இன்னா மேடம், டைம மாத்துனது நீங்கதானா? வண்டி பூடுச்சு! இன்னும் ஊட்டுக்குப் போவாம நின்னுகினு கீறோம்" என்று ஒருவர் கேட்டிலிருந்து போன் போட்டுக் கத்தினார். மறுநாள் காலை பார்த்தால் கடிகாரம் மறுபடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, நேரமே வேண்டாம் என்று நிரலை மாற்றினேன்: எந்தக் கோப்பில் எழுத்து மாறியிருக்கிறதோ அதையே எடு. அது வேலை செய்தது. எத்தனை தடவை அழுத்தினாலும் பள்ளம்தான் இறங்கியது. பிரின்டோடு மேனேஜர் அறைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை.

அவர் மேஜையில் முந்தைய மூன்றும் வரிசையாக இருந்தன. என்னுடையதை நான்காவதாக வைத்தார்.

"நேர்கோடு, பள்ளம், நேர்கோடு, பள்ளம். நாளைக்கு இன்னாம்மா வரும்?"

சேமிப்பு, கடிகாரம், இரட்டைக் கோப்பு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அதுதான் பயமாக இருந்தது.

"அந்தப் பொண்ணு உனக்கு ஃப்ரெண்டு. எனக்குப் புரியுது. ஆனா நீ வேணுங்கிற மாதிரி வரைஞ்சினு வர்ற பேப்பர வெச்சி நான் கையெழுத்துப் போட முடியுமா?"

உலையின் பதிவையே நேரே பாருங்கள் என்று கெஞ்சினேன். பார்க்கலாம் என்றார். திங்கட்கிழமை அக்காவின் பாஸ் கேட்டில் வேலை செய்யவில்லை.

பிறகு ஒருநாள் கவரைப்பேட்டையில் நான் இருந்த பெட்டியில் ஏறினார். எங்கோ ஏஜென்சியில் பேர் கொடுக்கப் போகிறாராம். படத்தைக் காட்டச் சொன்னார். மடிக்கணினியைத் திறந்தேன்.

"இந்தக் குழியா? எம்மாம் பெருசா கீது! இது அவரு கண்ணுல படலியா?"

"பட்டுதுக்கா. நம்பல."

பையிலிருந்து போனை எடுத்தார்.

"என் போனுக்கு ஒண்ணு அனுப்புமா. அங்க வேல ஏன் நின்னுச்சுன்னு கேட்டா காட்டுறேன்."

டவுன்லோடை அழுத்தினேன். சரியான படம்தான் இறங்கியது. அனுப்பினேன். அதை யாரிடம் எப்படி விளக்குவது என்று அவர் கேட்டார். மேனேஜரிடம் எடுபடாத விளக்கத்தை அவருக்கு எப்படிச் சொல்லித் தர? மீஞ்சூர் வரும்வரை சொல்லிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.