நாற்பத்தைந்தில் போட வேண்டிய பாட்டு

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி, ஏழு வயதான எங்கள் மகள், என் மனைவி வேலை செய்த வீட்டு மேடம். சந்து முனையில் காத்திருந்த ஆட்டோ டிரைவரைச் சேர்த்தால் ஐந்து. சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த இசைத்தட்டு அட்டைகளில் இருந்தவர்களையும் எண்ணலாம் என்றால் பதினொன்று. என் மகள் அவர்களை விடாமல் எண்ணுவாள். பள்ளிக்கூடத்தில் வீட்டில் எத்தனை பேர் என்று டீச்சர் கேட்டபோது, ஒன்பது பேர் என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள்.

அந்த ஆறு பேரும் கறுப்பினத்துப் பாடகர்கள், வாத்தியக்காரர்கள். பெங்களூர் நீலசந்திராவில் பத்துக்குப் பத்து தகரக் கூரை வீட்டுக்கு அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மேடம் ஆங்கிலோ இந்தியர். ரிச்மண்ட் டவுனில் பழைய ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். அவர் கணவர் ஒரு இங்கிலீஷ் தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்து காலமானவர். சம்பளத்தில் பாதியை இசைத்தட்டு வாங்கியே தீர்த்தார் என்று மேடம் சொல்வாராம். என் மனைவி அங்கே சமையல், துணி, பெருக்குவது எல்லாம். எனக்கு பொம்மசந்திராவில் அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலை. சனிக்கிழமை அரை நாள். அன்று மட்டும் பஸ்ஸை விட்டு ரிச்மண்ட் ரோட்டில் இறங்கி மனைவியைக் கூட்டிக்கொண்டு போவேன். அவள் பாத்திரம் கழுவி முடிக்கும் வரை வெளிப்படியில் உட்கார்ந்திருப்பேன்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சனிக்கிழமை உள்ளே இருந்து ஒரு பெண் குரல் வந்தது. பாட்டு தொடங்குவதற்கு முன்னால் அவள் மூச்சை இழுப்பது கேட்டது. கனமான தண்ணீர்க் குடத்தை இடுப்புக்கு ஏற்றும் முன் ஒரு மூச்சு எடுப்பார்களே, அது. சினிமாப் பாட்டில் நான் அதுவரை மூச்சைக் கேட்டதில்லை. அதைத் துடைத்துவிட்டுத்தான் நமக்குக் கொடுப்பார்கள். இவள் துடைக்கவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் அட்டைப்பெட்டியில் அச்சடிப்பதுதான். இந்தப் பக்கம் மேலே, உடையும் பொருள், ஈரம் படாமல் வைக்கவும். ஆகவே அந்தப் பாட்டுகளில் ஒரு வரிகூடப் புரியாது. புரியாததால் எனக்கு ஒரு நஷ்டமும் வரவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள் நான். பஸ் கிடைக்குமா, ஆள் குறைப்பார்களா, பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறுமா என்று மண்டைக்குள் எந்நேரமும் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். வார்த்தை புரியாத பாட்டு கேட்கும்போது மட்டும் அந்தப் பேச்சு வாயை மூடிக்கொள்ளும்.

வாடகைக்கு விட்டிருந்த சொந்தக்காரர் அந்த ஓட்டு வீட்டை பில்டருக்குக் கொடுத்தபோது, மேடம் தன் தங்கை வீட்டில் ஒரு அறைக்குக் குடிபோனார். என் மனைவி அங்கேயும் வேலைக்குப் போனாள். ரெக்கார்ட் பிளேயரையும் தட்டுப் பெட்டியையும் வைக்க இடமில்லை. பழைய பொருள் கடைக்காரன் வந்து ஏதோ எடைக்குக் கேட்டிருக்கிறான். என் மனைவி, எங்கள் வீட்டுக்காரர் எடுத்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டாள், என்னைக் கேட்காமலே. ஆயிரத்து ஐந்நூறு, மாதம் ஐம்பது. அவள் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதற்கு மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுடைய சம்பளம் அவளுடையது, உன் கடன் உன்னுடையது என்றார்.

அந்தப் பெட்டி வந்த பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் மாறிப்போயின. சாக்ஸபோன் வாசிக்கிற ஒருவர் இருந்தார். தாமதமாக வந்ததற்குக் காரணம் சொல்லத் தொடங்கி, பாதியில், சரி விடு, நம்பவா போகிறாய் என்று நிறுத்துகிறவர் மாதிரி வாசிப்பார். தேவாலயத்தில் கூடிப் பாடுகிற கூட்டம் ஒன்று. ஒருவர் கூப்பிட, இருபது பேர் பதில் கொடுப்பார்கள். தளம் போடும்போது கான்கிரீட் சட்டி கைமாறி மேலே போகுமே, அந்த வேகம், அந்த நம்பிக்கை. ஒரு சட்டியும் கீழே விழாது. மூச்சை இழுத்துப் பாடிய அந்தப் பெண்ணின் அட்டையைப் பார்த்து என் மகள், அம்மா மாதிரி இருக்கிறாள் என்றாள். என் மனைவி நல்ல கறுப்பு. கல்யாணத்தில் அதைப் பேசாத வாய் இல்லை. அவள் அந்த அட்டையைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். அது அங்கேயேதான் இருந்தது.

பெட்டியில் ஒரே ஒரு சின்னத் தட்டு இருந்தது. உள்ளங்கையை விரித்தால் அதைவிடக் கொஞ்சம் பெரிது. காகித உறை, எழுத்து மட்டும், படம் கிடையாது. மேடம் தன் வீட்டில் அதை ஒருநாளும் போட்டதில்லை என்று என் மனைவி சொன்னாள். நான் போட்டேன். கனத்த ஆண் குரல், மிக மெதுவாக வந்தது. சாயங்காலம் வேலை முடிந்து படியேறி வருகிற வயசான ஒருவரின் குரல். அழவில்லை, ஆனால் அழுகைக்குப் பக்கத்து வீட்டில் இருந்தது. மற்ற எல்லாத் தட்டையும்விட எனக்கு அதுதான் பிடித்துப்போனது. என் மனைவிக்கும். எங்கள் மகள் நாலு வயசிலிருந்து அதைக் கேட்டுத்தான் மதியத்தில் தூங்கினாள்.

அந்தக் குரலுக்கு முகம் இல்லாதது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதனால் நானே ஒன்று கொடுத்தேன். பிரிகேட் ரோடு பக்கம் ஒரு தியேட்டரில் காலைக் காட்சியில் ஒரு படம் பார்த்தேன். பணக்காரர் வீட்டுக் கதை. அதில் கார் டிரைவராக ஒரு கறுப்பின நடிகர் வந்தார். அவருக்கு மொத்தம் மூன்று வசனம் இருக்கலாம். மற்ற நேரமெல்லாம் தொப்பியைக் கையில் பிடித்து நிற்பார். முதலாளி கத்தும்போது அந்தத் தொப்பியின் விளிம்பில் அவர் விரல் நகர்ந்து ஒரு இடத்தில் நிற்கும். அவ்வளவுதான். நான் சூப்பர்வைசர் முன்னால் எத்தனையோ தடவை அப்படி நின்றிருக்கிறேன். அது ஒரு நடிப்பு என்றும், அதைச் செய்ய ஒருவருக்குத் திறமை வேண்டும் என்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. படத்தின் கதாநாயகன் முகம் எனக்கு மறந்துவிட்டது. டிரைவர் வீட்டுக்குப் போனால் என்ன செய்வார் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன். அவர் வீட்டுக்குப் போய்ப் பாடுகிறார் என்று முடிவு செய்தேன். சின்னத் தட்டில் பாடுவது அவர்தான்.

மூன்று வருஷம் இப்படிப் போனது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இருந்த மகன் மேடத்தைக் கூப்பிட்டுக்கொண்டான். டிக்கெட் வந்துவிட்டது. அந்த வாரம் அவர் என் மனைவியிடம், அந்தச் சின்னத் தட்டு பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் சனிக்கிழமை நடனங்களில் அவரும் கணவரும் ஆடிய பாட்டு அது. கணவர் போன பிறகு போட மனசு வரவில்லை. இப்போது ஊரை விட்டே போகிறோம், கடைசியாக ஒரு தடவை கேட்டுவிட வேண்டும், உங்கள் வீட்டுக்கு வரட்டுமா என்றாராம். கணவருடைய குரல்கூட மறந்துகொண்டே வருகிறது, அந்தப் பாட்டாவது ஞாபகத்தில் இருக்க வேண்டும் என்றாராம்.

நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கரண்ட் போனால் என்ன செய்வது. முள் தேய்ந்திருந்தால். தட்டை மெல்லிய துணியால் துடைத்தேன், துடைத்ததில் கீறல் விழுந்துவிட்டதோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் நாற்காலி கேட்டு வாங்கினேன். இன்னொன்றும் இருந்தது. முப்பத்தாறு மாதத்தில் இருபத்துமூன்று தவணைதான் கட்டியிருந்தேன். மீதியைக் கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கி ஒரு கவரில் போட்டு, பிளேயருக்குக் கீழே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார். பூப்போட்ட கவுன், காலில் ஷூ. நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். நான் முள்ளை வைத்தேன். எங்கள் ஆள் பாடத் தொடங்கினார். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். மகள் அவள் மடியில் தலையை வைத்தாள்.

மேடத்தின் முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு காத்துக்கொண்டிருந்தது. அது வெளியே வரவில்லை. காதை முன்னால் கொண்டுவந்தார். பிறகு மெதுவாக, "இது இல்ல" என்றார்.

எழுந்து காகித உறையை எடுத்து எழுத்தைப் படித்தார். அதே பாட்டுதான்.

"அப்ப நான் மறந்துட்டேனா? இதுவும் போயிடுச்சா?"

எனக்குப் பட்டது இதுதான். தகரக் கூரைச் சூட்டில் தட்டு உருகி, பாட்டு கெட்டுப்போய்விட்டது. ஒரு மனுஷியிடம் மிச்சம் இருந்த ஒரே பாட்டை நான் கெடுத்துவிட்டேன். "என் தப்புதான் மேடம். வெயிலு. நான் மேல வச்சிருக்கக் கூடாது" என்று என்னென்னவோ உளறினேன்.

என் மகள் தலையைத் தூக்கி, "தாத்தா நல்லாத்தான பாடறாரு" என்றாள்.

"தாத்தாவா?" என்றார் மேடம்.

குனிந்து பிளேயரைப் பார்த்தார். அதன் ஓரத்தில் வேகத்தை மாற்றுகிற ஒரு சின்னத் திருகு உண்டு. அவர் விரல் அதன்மேல் போனபோது என்னை அறியாமல் சத்தம் போட்டுவிட்டேன். "அதத் தொடாதீங்க மேடம், ஒடஞ்சிடும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ இதத் தொட்டதே இல்லியா?"

"இல்ல மேடம்."

"மூணு வருஷமா?"

"நீங்க எப்படிக் குடுத்தீங்களோ அப்படியே வச்சிருக்கேன்."

"என்னா மேன் நீ. பெரிய தட்டு நிமிஷத்துக்கு முப்பத்துமூணு சுத்து. இது நாப்பத்தஞ்சு. மெதுவா ஓட்டி ஓட்டி அந்தப் பொண்ண ஆம்பளையாக்கி வச்சிருக்க."

திருகு கடக்கென்று திரும்பியது. உடையவில்லை. முள்ளை மறுபடி அவரே வைத்தார்.

பதினெட்டு வயசுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. குரலில் அவ்வளவு துள்ளல். பின்னால் கைதட்டு, டிரம், ஏதோ ஒரு வாத்தியம் சிரிக்கிற மாதிரி. புதுச்செருப்பு போட்டுக்கொண்டு மாடிப்படியில் இறங்குகிற சந்தோஷம். மேடத்தின் வலது ஷூ தரையில் தட்டத் தொடங்கியது. பிறகு கைப்பையை நாற்காலியில் போட்டார். என் மனைவியின் கையைப் பிடித்து எழுப்பினார்.

"வா. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ஒண்ணு. சும்மா வெக்கப்படாத."

இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு என் மனைவி ஆடினாள். பத்துக்குப் பத்து அறையில் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கும், அதில் இரண்டு பேரும் சுற்றினார்கள். மகள் குறுக்கே புகுந்து குதித்தாள். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை, பாட்டு முடிந்துவிட்டது. மறுபடி போட்டார்கள். மூன்றாம் தடவை ஓடும்போது ஆட்டோ டிரைவர் வாசலில் வந்து, "மேடம், வெயிட்டிங் ஜாஸ்தி ஆகுத்தே" என்று கன்னடத்தில் தொடங்கினார். உள்ளே பார்த்ததும் மேற்கொண்டு பேசாமல் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டார்.

நான் மட்டும் ஓரமாக நின்றேன். மேடத்துக்குப் பாட்டு கிடைத்துவிட்டது, அது ஒரு நிம்மதி. ஆனால் அந்தத் தொப்பிக்காரர் எங்கே போனார் என்றும் ஒரு பக்கம் இருந்தது. அப்படி ஒருவர் பாடவே இல்லை. நான் தப்பான வேகத்தில் செய்துகொண்ட ஆள் அவர்.

என் மனைவிக்கும் அதே நினைப்பு போலிருக்கிறது. மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள், "மேடம், ஒரே ஒரு வாட்டி பழையபடி போடட்டுமா? எங்களுக்கு அவரு பழகிட்டாரு."

மேடம் தலையாட்டினார். நானே திருகைத் திருப்பினேன். மூன்று வருஷத்தில் முதல் தடவை. அந்தக் கனத்த குரல் திரும்பி வந்தது. மேடம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டார். இந்தத் தடவை கடைசி வரை கேட்டார். முள் நடுவுக்கு வந்து உரசிக்கொண்டே இருந்தது, நான் எடுக்கவில்லை.

"கடைசி மாசம் படுக்கையில அவரு இப்படித்தான் பேசினாரு" என்றார். "இதே மாதிரி மெதுவா. அந்தக் கொரலு மறந்தே போச்சுன்னு நெனச்சேன்."

என் மனைவி டீ வைக்கத் திரும்பிக்கொண்டாள்.

கிளம்பும்போது தட்டை எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். மனசு வரவில்லை, ஆனாலும் சொன்னேன். அங்கே பிளேயர் இல்லை, வழியில் உடைந்துவிடும், இங்கேயே இருக்கட்டும் என்றார். கவரை எடுத்து நீட்டினேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, என் சட்டைப் பையிலேயே சொருகினார்.

"இத இப்ப வாங்கிட்டா எம்பையன் என்ன திருப்பி அனுப்பவே மாட்டான். பெங்களூர்ல ஒருத்தன் பாக்கி வச்சிருக்கான், போய் வசூல் பண்ணணும்னு சொல்லித்தான் டிக்கெட் கேக்கணும். வச்சிரு. ரெண்டு ஸ்பீடுலயும் போட்டுக் காட்டணும், ஞாபகம் வச்சுக்கோ."

முதல் கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு வந்தது. அடுத்த வருஷமும் வந்தது. அப்புறம் வரவில்லை. நாங்கள் வீடு மாறும்போதெல்லாம் பழைய வீட்டுக்காரரிடம் விலாசத்தைக் கொடுத்துவிட்டுத்தான் மாறினோம். இப்போது ஓசூர் ரோட்டுக்கு மேலே பாலம் வந்துவிட்டது, கம்பெனி பஸ் அதன் கீழே ஊர்ந்து போகிறது. என் மகள் எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி காரில் வேலைக்குப் போகிறாள். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அவளும் இந்த அட்டைக்காரர்களுடைய பேரன் பேத்திகளின் பாட்டைத்தான் கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருந்தால் சின்னத் தட்டை நாற்பத்தைந்தில் போடுவாள். அவள் போன பிறகு அவள் அம்மா, "அவரப் போடுங்க" என்பாள். நான் திருகைத் திருப்புவேன்.

மூச்சிழுத்துப் பாடிய பெண்ணின் பெரிய அட்டைக்குள், தட்டுக்குப் பின்னால், அந்தக் கவர் இருக்கிறது. அவசரத்துக்கு இரண்டு மூன்று தடவை கை அங்கே போயிருக்கிறது, எடுத்ததில்லை. மூன்று நூறு, ஒரு ஐம்பது. மேடத்துக்கு இன்னும் தர வேண்டியது முந்நூற்றைம்பது ரூபாய்.