ஸ்டியரிங்கை விட்ட கை

நான் கார் பழக்குகிறவள். ரொறன்ரோவின் ஸ்கார்பரோ பக்கத்தில், கூரையில் பலகை மாட்டிய சின்னக் கார் ஒன்றில் எத்தனையோ பேரைப் பழக்கி விட்டிருக்கிறேன். எனக்குப் பொறுமை குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள், அது பொய்யில்லை. ஆனால் என்னிடம் பழகியவர்கள் முதல் தடவையிலேயே பாஸ் என்ற திமிரும் எனக்கு இருந்தது. அந்தத் திமிரை ஒரு கிரேக்க அன்ரி உடைத்தார்.

வெக்ஸ்போர்ட்டில் தனியாக இருந்தார். வயது அறுபத்தெட்டு. கணவர் போய் ஒரு வருடம் கழிந்தும் தலை முதல் கால் வரை துக்கத்தின் கறுப்பு உடுப்புத்தான். முதல் நாள் நேரே போய்ச் சாரதிக்குப் பக்கத்து சீட்டில் ஏறி, பெல்ட்டையும் போட்டுவிட்டார்.

"அன்ரி, உங்கடை இடம் அங்காலை."

"நாப்பத்தைஞ்சு வருஷம் அவர் ஓட, நான் இந்தச் சீட்டிலைதான் பிள்ளை இருந்தனான்" என்றபடி சிரித்துக்கொண்டு இறங்கினார். அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துத்தான் நின்றன. நினைவில் என்னவோ அவர் எங்கள் தமிழிலேயே கதைக்கிறார். அப்படியே எழுதுகிறேன்.

இந்த வயதில் ஏன் லைசென்ஸ் என்று கேட்டேன். தங்கச்சிக்காக என்றார். கணவரின் கார் வீட்டில் சும்மா நின்றது. தங்கச்சி நகரத்துக்கு வெளியே, ஒஷாவாவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். இருவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள், அக்காவுக்குப் பத்தொன்பது, தங்கச்சிக்குப் பதினேழு. இப்போது தங்கச்சிக்குப் பக்கவாதம் வந்து, இத்தனை வருடம் கதைத்த இங்கிலீஷ் முழுவதும் துடைபட்டுப் போயிருந்தது. கிரேக்கம் மட்டும் மிச்சம். அந்த இல்லத்தில் கிரேக்கம் தெரிந்தவர் ஒருவருமில்லை.

"மகன் மாசத்திலை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போவான். அண்டைக்குத்தான் அவள் வாய் திறக்கிறவள். மற்ற நாளெல்லாம் ஊமைதான்."

அதற்குப் பிறகு நான் காரணம் கேட்கவில்லை.

அவரைப் பழக்குவது லேசாக இருக்கவில்லை. பாதையெல்லாம் அவருடைய சீவியம் கிடந்தது. "இந்தக் கட்டிடத்திலை நானும் தங்கச்சியும் நிலம் துடைச்சனாங்கள்." "உந்த இடத்திலை ஒரு ஃபாக்டரி இருந்தது, கோட்டுக்குப் பொத்தான் தைச்சனான்." கிரேக்கர்கள் வந்து குடியேறிய டான்ஃபோர்த் பக்கம் போனால் ஒரு பேஸ்மென்ற் ஜன்னலைக் காட்டுவார். அதற்குள் நான்கு குடும்பம், ஒரே அடுப்பு, சமைக்க முறை வைத்திருந்தார்களாம். பிறகு கணவரோடு சேர்ந்து சாப்பாட்டுக்கடை போட்டு, இருபத்தெட்டு வருடம் உருளைக்கிழங்கு உரித்தாராம். என் அண்ணை கனடாவுக்கு வந்து பார்த்த முதல் வேலையும் ஒரு கிரேக்கரின் கடையில் கோப்பை கழுவியதுதான். அதைச் சொன்னதும், "உன்ரை அண்ணைக்குச் சாப்பாடு குடுத்தவங்களோ?" என்று கேட்டார். குடுத்தவர்கள், வீட்டுக்கும் கட்டிக் கொடுத்தவர்கள் என்றேன். அவர் முகம் தானே கொடுத்ததுபோல மலர்ந்துவிட்டது.

எல்லாம் சரி. ஆனால் தேவாலயம் ஒன்று கண்ணில் பட்டால் போதும், வலது கை ஸ்டியரிங்கை விட்டுவிடும். நெற்றி, நெஞ்சு, வலது தோள், இடது தோள் என்று சிலுவை போடுவார், அதுவும் மூன்று தரம். எந்தச் சபையின் தேவாலயம் என்ற கணக்கே கிடையாது.

"அன்ரி! கை!"

"கையைத்தான் விட்டனான் பிள்ளை, கவனத்தை விடேல்லை."

ஒரு நாள் பண்டகசாலைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் பிள்ளையார் கோயிலைக் கடந்தோம். என் கை என்னைக் கேட்காமலே நெஞ்சுக்குப் போய்விட்டது. அவர் கண்டுவிட்டார். "அப்ப நீ மட்டும்?" என்றார். "நான் கார் ஓடேல்லைத்தானே" என்று வெடுக்கென்று சொன்னேன். பொய், ஓடும்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

ரோட்டில் ஓடிக் காட்டும் ரோட் ரெஸ்ற்றில் பெயில். ஒரு தேவாலயம் போதாதென்று, இரண்டாவது ஒன்றும், பாடசாலை ஒன்றுக்குப் பக்கத்தில், அதுவும் வளைவில் வந்து தொலைத்தது. சோதனைக்காரர் தாளில் கோடு போட்டுக் கொடுத்ததைப் பார்த்ததும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"மாதாவோ, லைசென்ஸோ? ரெண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ அன்ரி!"

வீட்டு வாசலில் இறங்கும்போது அவர், "கப்பலிலை தங்கச்சிக்குக் காய்ச்சல். பதினொரு நாளும் சிலுவை போட்ட இந்தக் கைதான் அவளைக் காப்பாத்தினது" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு கிழமையாக, போன் எடுப்பதும் வைப்பதுமாகத் திரிந்தேன். கடைசியில் அவரே எனக்குப் போன் எடுத்தார். "அடுத்த ரெஸ்ற்றுக்குப் போடு பிள்ளை. நான் மாதாவோடை கதைச்சிட்டன்" என்றார். என்ன கதைத்தார் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

இரண்டாவது ரெஸ்ற் நாள் நான் நிலையத்து ஜன்னலடியில் நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தேன். கார் திரும்பி வந்தது. கோட்டுக்குள் நேராக நின்றது. என்ஜின் நின்றது. அதன் பிறகு அன்ரியின் கை எழும்பியது. நெற்றி, நெஞ்சு, தோள், தோள். மூன்று தரத்தோடு நிற்கவில்லை. நான்கு, ஐந்து, ஆறு. சோதனைக்கார மனுசி பேனையைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, போச்சு, அழுது மன்றாடுகிறார் என்று நினைத்து வெளியே ஓடினேன்.

"என்ன அன்ரி, பெயிலோ?"

"இண்டைக்கு வழியிலை மூண்டு தேவாலயம். ஒண்டுக்கு மூண்டு தரம், எல்லாமாய் ஒம்பது. கார் நிண்டாப் பிறகு சேர்த்துச் செய்யிறன் எண்டு மாதாவிட்டைச் சொன்னனான். அவவும் ஓம் எண்டவ" என்று சொல்லித் தாளை நீட்டினார்.

பாஸ். அந்த நிறுத்துமிடத்தின் நடுவில் நின்று நான் பைத்தியக்காரிபோலக் கூச்சல் போட்டேன். அவர் என் கன்னம் இரண்டையும் பிடித்து உலுக்கிவிட்டு, "ஏறு" என்றார். "ஒஷாவாவுக்கு."

நெடுஞ்சாலை வேண்டாமென்று உள்பாதையாலேயே ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்துத் தீர்த்தார்கள். அவர் சட்டை செய்யவில்லை. எனக்குத்தான் இறங்கிப் போய் நாலு பேச்சுப் பேசவேண்டும்போல் இருந்தது.

தங்கச்சி சக்கர நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். அக்காவைக் கண்டதும் வாசலை எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். யாருடன் வந்தாய் என்றுதான் கேட்டிருக்கவேண்டும். அன்ரி பதில் சொல்லாமல் கார்த் திறப்பைச் சாவிக்கொத்தோடு அவருடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். தங்கச்சி திறப்பைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு சிரித்தாரே ஒரு சிரிப்பு! இரண்டு மணித்தியாலம் அந்த அறையில் கிரேக்கம் ஓயவில்லை. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் கண்ணைத் துடைத்தபடியே இருந்தேன். வாசலில் வந்து நின்ற தாதி, "இவ இவ்வளவு கதைப்பாவா?" என்று என்னைக் கேட்டாள்.

"இனி ஒவ்வொரு கிழமையும் கதைப்பா" என்றேன்.

திரும்பி வரும்போது எங்கள் பிள்ளையார் கோயில் வந்தது. கோபுரம் தெரிந்ததும் அன்ரி கண்ணைப் பாதையிலிருந்து எடுக்காமல், நாற்பத்தைந்து வருடம் தான் இருந்த சீட்டில் இருந்த என்னிடம் சொன்னார்:

"பிள்ளை, எனக்கும் சேர்த்துக் கும்பிடு. என்ரை கை ரெண்டும் வேலையாய் இருக்கு."