அசைய வேண்டாம் என்று சொல்லாதவள்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு மூளை ஆராய்ச்சியில் உதவியாளராக இருந்தேன். மனநோய் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஸ்கேன் எடுத்து, எது யாருடைய மூளை என்று கணினியைப் பிரிக்கச் சொல்வோம். நோயாளிகள் பெரும்பாலும் கலஹா பக்கத்துத் தோட்டத் தமிழர்கள். நலமானவர்கள் வளாகத்துச் சிங்கள மாணவர்கள். மெஷினுக்குள் தலையை அசைக்கக் கூடாது என்று ஒலிப்பதிவு சிங்களத்தில் சொல்லும். அதைத் தமிழில் எடுத்துச் சொல்லத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். நானும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள்தான். மைக்கில் அந்தத் தோட்டத்துப் பேச்சைப் பேசினால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தெரிந்துவிடுமே என்று வாய் கூசியது. கடைத்தெருவில் சிங்களம் பேசுகிறவர்களுக்கு ஒலிப்பதிவும் புரியும் என்று, தமிழில் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

கணினி ஏறக்குறைய எல்லோரையும் சரியாகப் பிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நோயையே கண்டுபிடித்துவிட்டோம் என்று நம்பினேன்.

நோயாளியான அண்ணனுக்குத் துணையாக வந்த ஒரு தங்கை, நலமானவர்கள் பட்டியலில் சேரச் சம்மதித்தாள். அவளையும் கணினி நோயாளி என்றது.

"எனக்கு எப்படி மிஸ் இருக்கு?" என்று கேட்டாள்.

அதைச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. "அண்ணனோடது மாதிரிதான் காட்டுது. மெஷின் அதிகமா தப்புப் பண்ணாது" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

சில மாதம் கழித்து, படங்களை விட்டுவிட்டு, தலை எவ்வளவு அசைந்தது என்பதை மட்டும் கணினிக்குக் கொடுத்துப் பார்த்தோம். அப்போதும் அதே அளவுக்குச் சரியாகப் பிரித்தது. அத்தனை நாளும் அது பிரித்துக்கொண்டிருந்தது அசைந்தவர்களையும் அசையாதவர்களையும்தான். அசைந்தவர்களிடம் அசைய வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான். வெட்கத்தில் அன்று யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

மறுநாள் கலஹா பஸ் ஏறினேன். தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த அந்தத் தங்கையை லயத்து வாசலில் பிடித்து, நடந்ததை எங்கள் வீட்டுத் தமிழிலேயே சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா மிஸ்?"

"அந்தப் படத்த வச்சு ஒண்ணுமே சொல்ல முடியாதுங்க. நான் சொன்னது தப்பு."

முதுகுக் கூடையை இறக்கிச் சுவரோரம் வைத்தாள்.

"நாவலப்பிட்டியில இருந்து என்னைப் பொண்ணு பார்த்துட்டுப் போனாங்க. நோய மறைச்சுக் கட்டிக்கக் கூடாதுன்னு நானே அவங்ககிட்டச் சொல்லிட்டேன். போன மாசம் அந்த மாப்பிள்ளைக்கு வேற இடத்துல கல்யாணம் முடிஞ்சிருச்சு."

பிறகு, "டீ குடிச்சிட்டுப் போங்க மிஸ்" என்று நான் உட்காரக் கதிரை எடுத்துவர உள்ளே போனாள்.