கோட் சூட் போட்ட புனிதருக்கு ஒரு நேர்த்தி: டுசல்டோர்ஃபிலிருந்து பெர்லின் வரை

என் எழுத்து ஒரு வரியில் பெரிதாகவும் அடுத்த வரியில் சிறிதாகவும் இருக்கிறது. சில இடங்களில் கோட்டை விட்டு இறங்கியும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபத்திரண்டு வயதில், போன வருடம்தான், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் எழுதப் படிக்கப் பழகினேன். ஒரு பக்கம் எழுத ஒரு பின்னேரம் முழுதும் போகிறது. மகள் பக்கங்களைப் படம் எடுத்து இங்கே போடுகிறாள். பெர்லினில் அந்த அமெரிக்க ஜனாதிபதி பேசிய இடத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கும், இடுப்பு நோவுள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் இது உதவலாம்.

அவருடைய பெயரை எழுதப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு மாதிரி வந்தது, விட்டுவிட்டேன். அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க ஜனாதிபதி என்றால் உங்களுக்குத் தெரியும்.

நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். வீட்டுச் செப மேசையில் மாதாவுக்கும் அந்தோனியாருக்கும் பக்கத்தில் கோட் சூட் போட்ட ஒருவருடைய கலண்டர் படமும் உண்டு. மனைவி பிலோமினா தன் தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. "கத்தோலிக்கர், அவரைச் சுட்டுக் கொன்றுபோட்டார்கள்" என்று தாய் சொல்லியிருக்கிறார். வேறென்ன வேண்டும்? வேதசாட்சி என்று நினைத்து முப்பது வருடமாக அவருக்கும் மெழுகுதிரி ஏற்றினோம். மகளுக்கு ஆளைத் தெரியும். ஆனால் எங்களுக்கு அரசியலில் விருப்பம் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டாள்.

எனக்கு நெஞ்சு வருத்தம் வந்தபோது பிலோமினா மேசையில் இருந்த எல்லோருக்கும் நேர்த்தி வைத்தாள். நான் பிழைத்தால் ஒவ்வொருவருடைய இடத்துக்கும் போய்த் திரி ஏற்றுவதாக. மாதாவுக்குக் கேவலார் யாத்திரைத் தலத்துக்குப் போய் வந்தோம். அந்தோனியார் கோயிலுக்கும் போனோம். கோட் சூட்காரர் மட்டும் மிச்சம். அவருடைய இடம் எதுவென்று தெரியவில்லை. வாசிக்கப் பழகிய பிறகு ஒருநாள் படத்தைத் துடைக்கும்போது கீழே இருந்த சின்ன எழுத்துகளைக் கூட்டிப் பார்த்தேன். பெயருக்குப் பின்னால் "அமெரிக்க ஜனாதிபதி" என்று இருந்தது.

சந்தோசத்தில் உடனே அவளுக்குச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. வருகிற செவ்வாய்க்கிழமை அவளுக்கு இடுப்பு மாற்றும் சத்திரசிகிச்சை. ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த டெர்மின், ஆஸ்பத்திரி குறித்துத் தந்த நாள்.

"நேர்த்தியைக் குறையிலை விட்டிட்டுக் கத்திக்குப் படுக்க ஏலாது," என்றாள். "அதுகும் ஆருக்கு வைச்சனான் எண்டே தெரியாமல்."

பங்குத் தந்தையைக் கேட்டேன். நேர்த்தி கடவுளுக்குத்தான் போய்ச் சேரும், பயப்பட வேண்டாம் என்றார்.

"ஃபாதருக்கு இடுப்பு நல்லா இருக்கு," என்றாள்.

அமெரிக்கா தூரம், ஆனால் அவர் வந்து பேசிய இடம் பெர்லினில் உண்டு என்று மகள் சொன்னாள். அதனால் போன சனிக்கிழமை புறப்பட்டோம். காலை 6.20 ரயில், முன்கூட்டியே எடுத்ததால் ஆளுக்கு 38 யூரோ. கிட்டத்தட்ட 550 கிலோமீற்றர், நாலரை மணித்தியாலம். தமிழ்ப் பாடசாலை அலுமாரியில் அவருடைய வாழ்க்கை வரலாறு ஒன்று இருந்தது. மெல்லிய புத்தகம். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். டோட்முண்ட் தாண்டியதும் அவளுக்கு வாசிக்கத் தொடங்கினேன்.

பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளை. சின்ன வயதிலிருந்தே நோயாளி. போரில் அவருடைய படகை யப்பான் கப்பல் ஒன்று இடித்துப் பிளந்தது. காயப்பட்ட ஒருவனின் உயிர்காப்பு அங்கிப் பட்டியைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டு கரைவரை நீந்தினார்.

"பல்லாலையோ?" என்றாள் பிலோமினா. நான் கடற்றொழில் செய்தவன். அந்தப் பக்கத்தை இரண்டாம் தரமும் வாசித்தேன்.

பிறகு கீழ்ச்சபை, மேல்சபை, ஜனாதிபதி. கத்தோலிக்கர் பாப்பரசரின் சொல்லைத்தான் கேட்பார் என்று பயந்தவர்களிடம் நேரே போய்ப் பேசினார். மயிரிழையில் வென்றார். கியூபாவில் ரஷ்ய ஏவுகணைகள் வந்தபோது, உடனே குண்டு போடச் சொன்ன தளபதிகளைக் கேட்காமல் பொறுத்திருந்தார். கறுப்பின மக்களின் உரிமைச் சட்டத்துக்குத் தாமதமாகத்தான் கை கொடுத்தார் என்றும் புத்தகம் சொன்னது.

ஹனோவருக்குக் கொஞ்சம் முன்னால் அவள் என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, ஏன் ரெண்டு தாளை ஒண்டாய்த் திருப்பினீங்கள்?"

"ஒட்டிக்கொண்டு வந்திட்டுது."

"எனக்கு வாசிக்கத்தான் தெரியாது. தாள் எண்ணத் தெரியும். வாசியுங்கோ."

வாசித்தேன். மனைவிக்கு உண்மையாக இருக்கவில்லை என்று எழுதியிருந்தது. அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஹனோவரில் ஆட்கள் ஏறி இறங்கினார்கள். அடுத்த ரயிலில் திரும்பிவிடுவோம் என்று சொல்லப்போகிறாள், செவ்வாய்க்கிழமையும் போய்விட்டது என்றே நினைத்தேன். பேசாமல் இருக்கப் பயமாக இருந்ததால் மிச்சத்தை வாசித்தேன். வாழ்நாள் முழுவதும் முதுகு நோவு. உடம்பில் இறுக்கிய பட்டியோடு நடந்தார். பெர்லினுக்கு வந்து பேசிய அதே வருடம் சுடப்பட்டார்.

"நோவோடையோ இவ்வளவும் செய்தவர்?" என்றாள்.

பெர்லின் பெரிய நிலையத்திலிருந்து ஷோனபேர்க் நகர மண்டபத்துக்கு டாக்சி, 24 யூரோ. நடக்கக்கூடியவர்கள் யு4 சுரங்க ரயிலில் போனால் மண்டபத்தின் பெயரிலேயே நிலையம் உண்டு. உயரமான கோபுரம். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் அவருக்கு ஒரு நினைவுப் பலகை. ஜேர்மன் எழுத்து, எனக்கு அவருடைய பெயர் மட்டும் பிடிபட்டது. விரலால் தடவிக் காட்டினேன்.

முன்னால் பழைய சாமான் சந்தை. பிலோமினா கீழே திரியை வைத்து ஏற்றினாள். காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினாள், மறுபடி அணைந்தது. அவளுடைய முகம் மாறியது. பக்கத்துக் கடையில் விளக்குகள் விற்றவர் யாழ்ப்பாணத்துக்காரர். சிரித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார்.

"அக்கா, இது கோயில் இல்லை, அரசாங்கக் கந்தோர். சாமி கும்பிட மாறி வந்திட்டியள் போல."

"தெரியும் தம்பி. இது சாமிக்கில்லை, மனிசனுக்கு." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "முப்பது வருசமாய் நான் இவரிட்டைக் கேட்டன். இவருக்காக ஆரும் கேட்டிருப்பினமோ தெரியாது. இண்டைக்கு நான் கேக்கிறன்."

அவர் பிறகு சிரிக்கவில்லை. ஒரு கண்ணாடிக் கூட்டைக் கொண்டுவந்து திரியின் மேல் கவிழ்த்துவிட்டு, "எரிஞ்சு முடியட்டும், நான் பாக்கிறன்," என்றார். அது நின்று எரிந்தது. மரித்தவர்களுக்கான செபத்தை அவள் முழுதாகச் சொல்லி முடித்தாள். பன்னிரண்டு மணிக்குக் கோபுரத்து மணி அடித்தது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு மூவேளைச் செபத்தையும் அங்கேயே சொன்னாள்.

திரும்பும் ரயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு இருந்தவள் கேட்டாள்: "ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போக முன்னுக்குத் திறக்கிற சட்டையோ நல்லம்?"

ஓம் என்றேன். இரண்டு மாதமாக இந்தக் கவலையில் சரியான நித்திரை இல்லாமல் இருந்த நான் ரயிலிலேயே நித்திரை கொண்டுவிட்டேன். அவள்தான் எழுப்பினாள்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். மணியைக் கேட்க வேண்டுமென்றால் பன்னிரண்டுக்கு முன்னே போய் நில்லுங்கள். சந்தை சனி, ஞாயிறு உண்டு. திரி ஏற்றுவதென்றால் மூடிய கண்ணாடிக் கூட்டோடு போங்கள். யாரையாவது பற்றி வாசித்துக் காட்டுவதென்றால் எந்தப் பக்கத்தையும் தாண்ட வேண்டாம். தாண்டியிருந்தால் பிலோமினா அந்தத் திரியை அவருக்காக ஏற்றியிருக்கமாட்டாள், அவரிடம் கேட்டுத்தான் ஏற்றியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

அடுத்த கிழமை, சத்திரசிகிச்சை முடிந்து கட்டிலிலிருந்து கதவுவரை அவள் நடப்பதை எழுதுகிறேன். எத்தனை மீற்றர் என்று சரியாக அளந்து போடுகிறேன்.