பொட்டு வைத்த சோலார்

மாலை நான்கு மணிக்குக் கள்ளக்குறிச்சியில், வடக்கனந்தல் வழியாகப் போகும் நகரப் பேருந்தில் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணமில்லை, தூசிக்கும் கட்டணமில்லை. சாலையை அகலப்படுத்துகிறார்கள். மண் லாரி ஒன்று வழி நெடுக எங்கள் முன்னாலேயே போனது. ஜன்னலை மூடலாமா என்று கேட்டேன்.

"மூடினா வேகும், தொறந்தா மண்ணு. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார் கண்டக்டர். மண்ணே போதும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கல்வராயன் மலையடிவாரத்தில் என் சித்தப்பா மகள் செல்வி இருக்கிறாள். ஒரு ஏக்கர் நிலம், கிணறு, சோலார் மோட்டார். கணவர் பெங்களூரில் கட்டட வேலை. மாடி மாடியாகச் சாரத்தில் நிற்கிறவர். கிணற்றில் தண்ணீர் இருந்தும் மோட்டார் இறைக்கவில்லை, தக்காளி நாற்று வாடுகிறது, உடனே வா என்று போனில் அழாத குறை. எனக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும்?

ஐந்தே காலுக்கு இறங்கி, நிறுத்தத்தில் காத்திருந்த செல்வியோடு நேராகக் கொல்லைக்கு, அவள் நிலத்துக்கு, போனேன். பேனல்களின் மேல் பக்கத்து நிலத்தில் மக்காச்சோளம் அடித்த தூசி, அதன் மேல் சாலை மண். ஒவ்வொன்றின் நடுவிலும் உள்ளங்கை அகலத்துக்கு அழுக்கு கெட்டியாக அப்பியிருந்தது.

"இது இன்னாடி?"

"பொங்கலுக்கு வெச்ச பொட்டுக்கா. சீக்கிரம் போவக் கூடாதேன்னு நல்லெண்ணெயில கொழச்சி வெச்சேன்."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"தூசுதான்னு எனக்கே தெரியும். தொடைக்கத்தான் கை வர்ல. அவுரு ஊர்ல இல்லாதப்ப பொட்ட அழிக்கலாமான்னு அத்தை கேக்குறாங்க. எனக்கும் பக்குனு கீது."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஈரத்துணியால் முடிகிற வேலைக்கு இத்தனை பயமா? ஆனால் சாரத்தில் நிற்பது என் கணவர் இல்லையே.

மறுநாள் காலை ஆறு மணி. கண்ணாடி சூடேறுவதற்குள் செல்வி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சீயக்காய்த் தண்ணீரும் பழைய வேட்டியுமாக வந்தாள். மாமியார் தூரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"நாத்து சாவறதுக்கா அத்தை பொட்டு வெச்சோம்?" என்று அவர் காதில் விழும்படி சொல்லிவிட்டு, முதல் பொட்டில் துணியை வைத்து அழுத்தித் தேய்த்தாள். கடைசிப் பேனல் வரை யாரையும் தொட விடவில்லை.

ஒன்பது மணி வெயிலில் குழாய் இரண்டு முறை இருமியது. பிறகு தண்ணீர் தொடை பருமனுக்குக் கொட்டியது. மாமியார் மெல்ல வந்து, பேனலைத் தாங்கும் இரும்புக் காலில் குங்குமம் வைத்தார்.

"பொட்டு இங்க இருக்கட்டும். மேல வெயிலு குந்தட்டும்" என்றார்.

செல்வி தண்ணீரைப் பார்க்கவே இல்லை. கணவருக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. "இன்னொரு வாட்டி போடுடி" என்றேன் நானே.

அடுத்த முறை எடுத்தார். "இன்னாடி? சாரத்து மேல கீறேன், கைய வுட முடியுமா?"

"ஒண்ணும் இல்ல. தண்ணி வந்துக்கினு கீது."

"அதுக்கா இத்தினி வாட்டி?"

அவர் திட்டத் திட்ட, இவள் வரப்பில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும் பேருந்திலும் அதே மண் முகத்தில் வந்து அப்பியது. முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். நெற்றிக்கு வந்ததும் கை தானாகவே நின்றுவிட்டது.