பூஜைக்கு வைத்த மெஷின்

மகாநவமியன்று கொச்சி மட்டாஞ்சேரிச் சந்தையில் ஓர் ஆள் மூச்சில்லாமல் விழுந்தார். அவரைப் பிழைக்க வைக்க வேண்டிய மெஷின் பட்டுத் துணிக்கு அடியில் பூஜையில் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக வியாபாரிகள் சங்கத்து ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். இந்தத் தொழிலில் நோயாளியால் தொந்தரவே கிடையாது, சுற்றி நிற்கிறவர்களால்தான். வண்டி ஓட்டுகிற சக பாவிகளுக்கு இது தெரியும். மற்றவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

சாவி

சந்தைத் தெருவில் லாரி நின்றால் ஆம்புலன்ஸ் நகராது. அதனால்தான் அந்த மெஷினை வாங்கினார்கள். இதயம் நின்றுபோன ஆளின் நெஞ்சில் இரண்டு பட்டை ஒட்டினால், அதுவே சோதித்து, தேவையென்றால் மின்சாரம் கொடுக்கச் சொல்லும். ஒரு நிமிஷம் தாமதித்தாலும் ஆள் கைவிட்டுப் போவான். எடுக்க வசதியாகச் சங்க ஆபீஸ் வாசலில் வைக்கச் சொன்னேன். வைத்தார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள், பூட்டுப் போட்டு. சாவி எங்கே என்று செயலாளர் மணி சாரைக் கேட்டேன்.

"பத்திரமா இருக்கு மூர்த்தி. பாலம் தாண்டி, கலூர்ல என் வீட்டு அலமாரியிலயாக்கும்."

ஆறு மாதம்

பூட்டை அன்றே உடைத்தேன். மணி சார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நல்ல வாரம். அப்புறம் பதினெட்டுப் பேருக்குப் பயிற்சி வைத்தேன். ஒரு பொம்மையைக் கிடத்தி, நெஞ்சை எப்படி அழுத்துவது, பட்டையை எங்கே ஒட்டுவது எல்லாம் காட்டினேன். எல்லோரும் போட்டோ எடுப்பவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து மிளகு வியாபாரி கோபாலன் வழியில் நிறுத்தினார். முகத்தில் உண்மையான வருத்தம்.

"இதுவரை ஒருத்தரும் விழலையே மூர்த்தியண்ணா. வெறுதே வாங்கினோமோ?"

இரும்பு

அடுத்த வாரமே மிளகாய் குடோனில் ஒரு பையன் மயங்கினான். போய்ப் பார்த்தால் நன்றாக மூச்சு விடுகிறான். மெஷினுக்கு வேலையில்லை. ஆனால் ஒருவர் அவன் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார், ஒருவர் மூக்கில் வெங்காயம் தேய்க்கிறார், மூன்று பேர் முகத்தில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். விரட்டினேன். பையன் கண் திறந்தான்.

"மயக்கம் அப்பவே போச்சுண்ணே. தண்ணியிலதான் மூச்சு முட்டுது."

நவமி

ஹம்ஸாக்கா முப்பது வருஷமாகச் சந்தையில் மூட்டை சுமப்பவர். இந்த ஊரில் 'இக்கா' என்றால் அண்ணன். அன்று அரிசி லாரிக்குப் பக்கத்தில் அப்படியே சரிந்தார். மூச்சில்லை. முட்டி போட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பித்தேன். கையை எடுக்கக் கூடாது. மெஷினைக் கொண்டுவரச் சொன்னேன்.

மணி சார் வெறுங்கையோடு வந்தார். தராசு, புத்தகம் எல்லாவற்றோடும் சேர்த்து மெஷினையும் பூஜைக்கு வைத்து மாலை போட்டிருக்கிறார்களாம். விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை தொடக் கூடாதாம். சாஸ்திரிகளுக்குப் போன் போட்டாராம், அவர் எடுக்கவில்லையாம். பயிற்சி எடுத்தவர்கள் ஆபீஸுக்கு ஓடினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். உள்ளே பார்த்தார்கள். நின்றார்கள். ஹம்ஸாக்காவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

கடைகளுக்குச் சாயா கொண்டுவரும் பெண் தூக்குவாளியைத் தரையில் வைத்தாள். செருப்போடு உள்ளே போனாள், மாலையோடு மெஷினைத் தூக்கி வந்தாள். நான் சொல்லச் சொல்ல, சட்டையைக் கிழித்தாள், வேர்வையை முந்தானையால் துடைத்தாள், வலது தோளுக்குக் கீழே ஒரு பட்டை, இடது விலாவில் ஒன்று ஒட்டினாள். பொத்தான்மேல் சந்தனம் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். மெஷின் எல்லோரையும் விலகச் சொன்னது. நான் சொன்னால் விலகாத கூட்டம் விலகியது. நானும் கையை எடுத்தேன். பொத்தானை அழுத்தினாள், ஹம்ஸாக்காவின் உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. மறுபடி நெஞ்சை அழுத்தினேன். இரண்டு நிமிஷம் இருக்கும், முனகிக்கொண்டே என் கையைத் தட்டிவிட்டார்.

வண்டியில் ஏற்றும்போது மணி சார் கூடவே ஓடிவந்தார். கண் கலங்கியிருந்தது.

"அடுத்த வருஷம் பூஜைக்குன்னு தனியா ஒண்ணு வாங்கிடலாம் மூர்த்தி."

பயிற்சி எடுத்த பதினெட்டுப் பேரும் சாமிக்குப் பயந்து நின்ற இடத்தில் கை வைத்தது, அந்தப் பயிற்சிக்குச் சாயா கொண்டுவந்துவிட்டு ஓரமாய் நின்று பார்த்த, திண்டுக்கல்லிலிருந்து பிழைக்க வந்த செல்வி.