மூடிய கண்களைத் திறக்க, பக்கம் 94

எங்கள் ஸ்டுடியோ விழுப்புரத்தில் ஜங்ஷனுக்குப் போகிற சாலையில் இருந்தது. தொண்ணூற்று மூன்றில் என் வீட்டுக்காரர் திறந்தது. நான் கல்யாணமாகி வந்தது அதற்கு ஆறு வருஷம் கழித்து. பிலிம் இருந்தவரை கடையில் எனக்கு வேலை, கவரில் பெயர் எழுதுவதும் பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக் கொடுப்பதும்தான். அப்புறம் டிஜிட்டல் கேமரா வாங்கினார். கம்ப்யூட்டர் வாங்கினார். அதை ஓட்ட ஓர் ஆபரேட்டரையும் வைத்தார். அந்த ஆள் மூன்றே மாதத்தில் சென்னையில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் மவுஸைத் தொட்டால் அம்புக்குறி திரையை விட்டே ஓடிவிடும். பள்ளிக்கூடம் முடித்து டைப்ரைட்டிங் படித்தவள் என்ற ஒரே தகுதியில் அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார். பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னால் நீலம் போடவும், அளவு மாற்றவும் மட்டும் ஆபரேட்டர் போகிற போக்கில் காட்டியிருந்தார். அதற்கு மேல் அந்த சாப்ட்வேரில் எனக்குத் தலையும் தெரியாது, வாலும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் முகையூர் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஆள் வந்தது. இரண்டரை வயசுப் பெண் குழந்தை, காய்ச்சலில் போய்விட்டது. வேதக்கார வீடு, கிறிஸ்தவர்கள். பெட்டியில் வைத்து, சாமியார் வருவதற்குள் ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரர் போய் எடுத்து வந்தார். முகத்தை மட்டும் கிட்டத்தில் வைத்து ஒரே ஒரு படம். வெள்ளைக் கவுன், தலையில் பூ வளையம். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, மறுநாள் ஒரு காதுகுத்துக்காக கேமராவில் இருந்ததைத் துடைத்துவிட்டார்.

எட்டாம் நாள் குழந்தையின் அம்மா வந்தாள். என்னைவிட நாலைந்து வயசு சின்னவள். கல்லறைக்குப் போய்விட்டு நேராக பஸ் ஏறியிருப்பாள் போல, காலெல்லாம் செம்மண்.

"அக்கா, உசுரோட இருக்கறப்ப ஒரு போட்டோ கூட எடுக்கலைங்க. சின்னதுல போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும்னு ஊட்ல சொல்லிட்டாங்க. எட்டு வயசுல கோயில்ல புதுநன்மை வாங்கறப்ப எடுத்துக்கலாம்னு இருந்துட்டோம்" என்றாள். தன் செம்மண் காலைப் பார்த்துக்கொண்டு, "புடிக்காமலே கொறஞ்சி போச்சி" என்றாள்.

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள். "கண்ணத் தொறந்து குடுங்க. முப்பதாம் நாள் பூசைக்கு வெக்கணும்."

இது புது வேலை இல்லை. உயிரோடு படம் எடுக்காதவர்களுக்கு, செத்த பிறகு எடுத்த படத்தில் கண் திறந்து கொடுப்பது எல்லா ஸ்டுடியோவிலும் நடப்பதுதான். பிலிம் காலத்தில் ஒரு பிரிண்ட் போட்டு பாண்டிச்சேரிக்கு அனுப்புவோம். அங்கே ஒருவர் பிரஷ்ஷால் வரைந்து அனுப்புவார். அவர் என்ன கூத்தடித்து வைத்தாலும் கவலையில்லை, நெகட்டிவ் எங்கள் டப்பாவில் பத்திரமாக இருக்கும். அந்தத் தைரியத்தில், "அதுக்கென்னம்மா, கம்ப்யூட்டர்லயே பண்ணிடலாம், பூசைக்குள்ள வாங்கிக்கோ" என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். செய்யப்போவது யார் என்று என் முகத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். எனக்கு வந்த கோபத்தை அந்தப் பெண்ணின் எதிரில் காட்ட முடியவில்லை.

கம்ப்யூட்டர் சென்டரில் கேட்டேன். ஆறு மாசக் கோர்ஸ் என்றார்கள். எனக்கு இருந்தது இருபத்திரண்டு நாள். புத்தகம் வாங்கிப் படித்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். விழுப்புரத்துக் கடைகளில் பள்ளிக்கூட நோட்ஸும் சமையல் புத்தகமும் ஜாதகப் புத்தகமும் இருந்தன. திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி போட்டிருப்பதாக என் அம்மா வீட்டிலிருந்து போன் வந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அவளுக்கு அப்போது மூன்று வயசு நடந்துகொண்டிருந்தது.

மண்டபத்தில் கம்ப்யூட்டர் புத்தகங்களை வைத்திருந்தவர் என்னையும் இடுப்பில் இருந்த பிள்ளையையும் பார்த்தார். "யாருக்கும்மா? தம்பி படிக்குதா?" என்றார்.

"எனக்குத்தாங்க."

"அப்ப இத்த எடுத்துக்கினு போங்க, ஈஸியா இருக்கும்" என்று கோலப் புத்தகம் போல ஒன்றை நீட்டினார். அதில் ஒரு பூனைப் படத்துக்குத் தொப்பி மாட்டுவது எப்படி என்று இருந்தது. திருப்பிக் கொடுத்தேன்.

ஆரம்பநிலைக்கு என்று மூன்று புத்தகங்கள் தேறின. முதலாவது தலையணை கனம். அதைத் திறந்தால் முதல் அத்தியாயம் முழுக்கப் புத்திமதி. தொடங்கும் முன் இதைச் செய், அதைச் செய்யாதே, இப்படிப் பழகு. மாமியாரிடம் கேட்பது போதாதென்று இதையும் துட்டு கொடுத்து வாங்க வேண்டுமா என்று மூடினேன். இரண்டாவதை எழுதியவர் தமிழ்ப்பற்று மிகுந்தவர். திரையில் இங்கிலீஷில் இருக்கிற ஒவ்வொரு பட்டனுக்கும் நல்ல தமிழ்ப் பெயர் வைத்திருந்தார். பெயர்கள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் அவர் சொல்கிற பட்டன் திரையில் எது என்று கண்டுபிடிக்க இன்னொரு புத்தகம் வேண்டும்.

நான் புத்தகம் பார்த்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த சாப்ட்வேரைக் கற்றுக்கொள்ள ஆசை இல்லை. கண் திறந்தால் போதும். அதனால் ஒவ்வொன்றிலும் பொருளடக்கத்தில் "கண்" என்ற சொல்லைத்தான் தேடினேன். தலையணையில் சிவந்த கண்ணை மாற்றுவது இருந்தது. தமிழ்ப்பற்றில் கண்ணுக்கு மை தீட்டுவது இருந்தது. மூன்றாவது ஒல்லியான புத்தகம், பளபளப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர் படம். அதன் பொருளடக்கத்தில் ஒரு வரி: மூடிய கண்களைத் திறக்க, பக்கம் 94. கடவுளே வந்து கையில் கொடுத்த மாதிரி இருந்தது. அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மகள் வேறு பலூனுக்கு அழுதுகொண்டிருந்தாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில்தான் தொண்ணூற்று நாலைத் திறந்தேன். கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை கண்ணை மூடிவிட்ட படம். கீழே முதல் வரி: "இதே நபர் கண் திறந்திருக்கும் வேறொரு படத்தை எடுத்துக்கொள்ளவும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறொரு படம் இருந்தால் நான் ஏன் திண்டிவனத்துக்குப் போகிறேன்? மகள் என் மடியில் நின்றுகொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவளுடைய கண்ணைப் பார்த்தேன். அந்த யோசனை எனக்கு அப்போதே வந்துவிட்டது. விக்கிரவாண்டி தாண்டும் வரை அதை வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

தெரிந்தவர்களின் குழந்தைப் படம் எதையாவது எடுக்கலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். கடையில் இருந்ததெல்லாம் பிறந்தநாள் படம், பிள்ளைகள் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தன. நேராகப் பார்க்கிற, அதே வயசுக் கண் என் மகளுடையதுதான். உயிரோடு இருக்கிற குழந்தையின் கண்ணை எடுத்து, நாளைக்கு மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றப்போகிற முகத்தில் வைப்பதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்னைக் கடையை விட்டே துரத்தியிருப்பார்கள். அந்தப் பெண்ணின் செம்மண் கால்தான் கண் முன்னால் நின்றது. செய்தேன்.

பதினாறு நாள் ஆயிற்று. கண்ணை வெட்டி வைத்தால் கண்ணாடி மாட்டினது போலத் தனியாகத் தெரிந்தது. ஓரத்தை மங்கலாக்கினேன், நிறத்தைக் குறைத்தேன், திரும்பவும் முதலிலிருந்து வைத்தேன். ஒல்லிப் புத்தகம் ஒவ்வொரு படிக்குக் கீழேயும் "இப்போது சேமிக்கவும்" என்று சொல்லியது. நான் நல்ல மாணவி. ஒவ்வொரு படிக்கும் சேமித்தேன். கடைசியில் திரையில் ஒரு குழந்தை கண்ணைத் திறந்து பார்த்தது. என் வீட்டுக்காரர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "பாண்டிச்சேரிக்காரரு பிச்ச வாங்கணும் போ" என்றார். எங்கிருந்து வந்த கண் என்று அவர் கேட்கவில்லை. பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டு வைத்தார்.

பூசைக்கு நாலு நாள் முன்னால் அவள் வந்தாள். படத்தைக் கையில் வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கண்ணு நல்லா கீதுங்க" என்றாள். "ஆனா இவ என்னிய பாக்கலியே. எங்க புள்ள என்னிய பாத்தா வேற மாதிரி பாப்பா."

நான் படத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன்.

"கோச்சிக்காதீங்கக்கா. நீங்க கஷ்டப்பட்டுதான் பண்ணியிருப்பீங்க. கண்ண மூடினு இருந்துச்சே, அதையே குடுத்துடுங்க. கடேசியா நான் பாத்த மூஞ்சி அதான். அது போதும் எனக்கு."

"திங்கக்கிழமை வாம்மா, போட்டு வெக்கறேன்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. அவள் குழந்தையை அவளுக்கே கொடுத்துவிடலாம், என் மகளின் கண்ணை நான் எடுத்துக்கொள்ளலாம்.

அவள் போன பிறகு கம்ப்யூட்டரில் தேடினேன். கண் திறந்த படம் இருந்தது. வேறு எதுவும் இல்லை. நான் பதினாறு நாளும் சேமித்துச் சேமித்து வைத்தது அந்த ஒரே படத்தின் மேலேயே. வீட்டுக்காரர் சாவகாசமாக, "அதான் நெகட்டிவ் இருக்குமே" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே உறைத்துவிட்டது. ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பத்து வருஷம் பிலிமில் இருந்த குடும்பம் நாங்கள். திரையில் தெரிவது பிரிண்ட், அதை எப்படி வேண்டுமானாலும் கிழிக்கலாம், அசல் எங்கேயோ டப்பாவில் இருக்கும் என்பது எங்கள் ரத்தத்தில் ஊறிப்போன எண்ணம். திரையில் இருந்ததுதான் நெகட்டிவ் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. சென்டருக்கு ஓடி அங்கிருந்த பெண்ணைக் கேட்டேன். மீட்க முடியாது என்றாள். தன் மேஜையில் இருந்த புத்தகத்தைத் திறந்து, "பஸ்ட் லெசனே இதானேக்கா" என்று காட்டினாள். திண்டிவனத்தில் நான் மூடி வைத்த அதே தலையணை. பதினோராம் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதியிருந்தது: முதலில் படத்துக்கு ஒரு நகல் எடுங்கள், நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

அவளிடம் போய், உன் பிள்ளையின் ஒரே படத்தை நான் அழித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கான வாக்கியத்தை வெள்ளி, சனி இரண்டு நாளும் மனசுக்குள் கோத்துப் பார்த்தேன். முதல் வார்த்தைக்கு மேல் போக முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் சாப்பிட்டுவிட்டுப் பாயில் தூங்கினாள். நான் கேமராவை எடுத்தேன். வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. "வாணாம். சொல்றத கேளு, வாணாம்" என்றார். "அப்ப நீங்க போய் அந்தப் பொண்ணு கிட்ட சொல்லிட்டு வாங்க" என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவளிடம் போகவில்லை, சும்மா தெருவில் போனார்.

பெட்டிக்கு மேலிருந்து எடுத்த படம் அது. அதே போல வர வேண்டும் என்று நான் மகளின் இரண்டு பக்கமும் கால் வைத்து, குனிந்து நின்று எடுத்தேன். மகள் புரண்டு படுத்ததில் இரண்டு படம் வீணாயிற்று. மூன்றாவதில் இமை இரண்டும் தெளிவாக வந்தன. அதை அந்த முகத்தில் வைக்க எனக்கு எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. முதலில் நகல் எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவள் வந்தபோது கடையில் நான் மட்டும் இருந்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன், சத்தியமாக. அதற்குள் அவள் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டாள். படத்தை நெற்றியில் ஒற்றி முத்தம் வைத்தாள். பிறகு கவுண்டரில் வைத்து, ஆள்காட்டி விரலால் அந்த இமைகளை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"இதாங்கக்கா. இதான் எம்புள்ள" என்றாள். "இந்த எமை இருக்குது பாருங்க, அப்பிடியே அவங்கப்பா எமை. அவுரு தூங்கறப்ப இப்பிடியேதான் இருக்கும்."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நானும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று.

"ஆமாம்மா" என்றேன். "அப்பா ஜாடைதான்."